3 வாரத்தில் வடிவத்தை முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்து 3 வாரம் ஆகிறது. மார்புத் தசைக்கு அடியில் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டும் மேலே ஏறி, கெட்டியாக, பெட்டி மாதிரி இருக்கின்றன. இடது பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. வலது அப்படியே நிற்கிறது. தவறு நடந்துவிட்டதா? மசாஜ் செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயப்படாதீர்கள். 3-வது வாரத்தில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். அடியில் புதிதாக ஒரு பொருள் வந்ததும் மார்புத் தசை இறுகிக்கொள்கிறது. கீழ்ப்பாதித் தோலோ இன்னும் விரிந்து கொடுக்கவில்லை. அதனால் இம்ப்ளான்ட் மேலேயே நிற்கிறது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: மேற்பகுதி புடைத்து, காம்பு சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். தசை தளர்ந்து, வீக்கம் வடிந்து, கீழ்த்தோல் விரிய விரிய மேற்புடைப்பு குறையும், காம்பும் நிமிரும். 6 வாரத்தில் வித்தியாசம் தெரியும், 3 மாதத்தில் பெருமளவு படிந்துவிடும். முழு வடிவம் வர 6 மாதம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். தசைக்கு மேலே வைத்தவர்களுக்குப் பொதுவாக இது சீக்கிரம் நடக்கும்.

இரு பக்கமும் ஒரே நாளில் இறங்குவது அபூர்வம். நீங்கள் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் அந்தப் பக்கத் தசை வலுவானது. தளர நாள் பிடிக்கும்.

மசாஜை நீங்களாகத் தொடங்கவே கூடாது. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்டையும் கண்ணீர்த்துளி வடிவத்தில் உள்ளதையும் அசைத்தால் இடம் மாறலாம், திரும்பிக்கொள்ளலாம். எந்த வகை வைத்தார்கள் என்பது உங்களிடம் தந்த அட்டையில் இருக்கும். இம்ப்ளான்டை மேலிருந்து அழுத்தும் பட்டையையும் நீங்களாகக் கட்டக் கூடாது. தேவையில்லாமல் கட்டினால் இம்ப்ளான்ட் மார்பின் அடிமடிப்புக்கும் கீழே சரிந்துவிடலாம். அதைச் சரிசெய்ய மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் வீங்கி விண்ணென்று தெறித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலிலிருந்து சீழ் ஆகியவை தொற்றின் அடையாளம். இவற்றுக்கு அன்றே மருத்துவரிடம் போங்கள். மென்மையாகிவிட்ட மார்பகம் சில மாதம் கழித்து மீண்டும் கெட்டியாகி மேலே ஏறினால், சுற்றியுள்ள தழும்புத் திசு சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், கைகளைத் தொங்கவிட்டு, நேராகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். புதிய பிராக்களை 3 மாதத்துக்குப் பிறகு வாங்குங்கள். அதற்குள் அளவு மாறிவிடும்.