காய்ச்சலோடு இன்டர்வியூவுக்குப் போகலாமா?

கேள்வி: நாளை மறுநாள் இன்டர்வியூ. இரண்டு நாளாக 101 டிகிரி காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடலாமா? தேதி மாற்றிக் கேட்டால் வாய்ப்பு போய்விடுமா?

போகாதீர்கள். போன் செய்து வேறு தேதி கேளுங்கள். வாய்ப்பு போகலாம், எனக்குப் போனது. அப்படியும் இதைத்தான் சொல்வேன்.

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் காய்ச்சலைவிட வீட்டுப் பேச்சுதான் உங்களை அதிகம் படுத்தும்.

நான் திருநெல்வேலிக்காரன், டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி, குவாலிட்டிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் மாமா தன் சிநேகிதர் மூலம் சொல்லி வைத்திருந்தார். ஐப்பசி மழை. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கன்ஃபார்ம், தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. எனக்கோ 102 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலி. அம்மா, "ஒரு டோலோவ முழுங்கிட்டுப் போயிட்டு வாய்யா, நாலு மணி நேரம் தாங்காதா?" என்றாள்.

தாங்கும்தான். பாராசிட்டமால் நாலு முதல் ஆறு மணி நேரம் சூட்டை இறக்கி வைக்கும். நோயை அது தொடாது.

எனக்கு அந்தக் கண்வலிதான் சந்தேகமாக இருந்தது. தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்குவைக் காட்டும் என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ். அங்கிருந்தே எச்ஆருக்குக் கூப்பிட்டேன். அந்தம்மா "ஓகே, பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார். சொல்லவில்லை. பிறகு நானாகக் கேட்டபோது ஆள் எடுத்தாகிவிட்டது.

இதில் முக்கியமானது இனிமேல்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டெங்குவில் கவனிக்க வேண்டிய கட்டமே சூடு இறங்கும்போதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலமே வயிற்று வலி, வாந்தி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்குக் கீழே. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரகடம் போயிருந்தால் அந்த நேரம் திரும்பி வரும் ரயிலில் இருந்திருப்பேன்.

"எல்லாக் காய்ச்சலும் டெங்குவா? நான் 103-லேயே போய் வேலை வாங்கினேன்" என்பவர்கள் வருவீர்கள். தெரியும். வாங்கினீர்கள், சந்தோஷம். சளி, தொண்டைக் கரகரப்புக்கெல்லாம் நானும் போகத்தான் சொல்வேன். மூன்று நாள் தாண்டிய காய்ச்சல், அம்மை, மெட்ராஸ் ஐ என்றால்தான் வேண்டாம் என்கிறேன். அம்மையோடு போய் ஏசி ரூமில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கும் ஒட்டும், அவர் கர்ப்பமாக இருந்தால் இன்னும் மோசம். இன்னொன்று, உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு புரூஃபன் வகை மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு நேர்முகத் தேர்வு என்றால் கதை வேறு. அங்கே பொதுவாகத் தேதி மாற்றித் தர மாட்டார்கள். டாக்டர் போகலாம் என்றால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. அதற்கப்புறம் இன்னொரு கம்பெனி "பேனல் பிஸி" என்று திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. ஒரு தடவை நான் கேட்டில் செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டு பாஸ் வாங்கிய பிறகு சொன்னார்கள். பஸ் காசு யார் தருவது? அவர்கள் மாற்றினால் வேலைப்பளு, நாம் மாற்றினால் ஆர்வமில்லாத பையன். மாமாவும் அதே கட்சிதான். இப்போது நான் ஓசூரில் அதைவிட நல்ல சம்பளத்தில் இருக்கிறேன், ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் "ஒரு காய்ச்சலுக்குப் பயந்து என் பேரக் கெடுத்தவன்ல இவன்" என்று சாம்பாரைக் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையே டாக்டரைப் பார்த்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் எச்ஆருக்குப் போன் செய்யுங்கள், அதற்கு முன்னால் எடுக்க மாட்டார்கள். காய்ச்சல், டாக்டர் பயணம் வேண்டாம் என்கிறார், அடுத்த வாரம் இந்த இரண்டு நாளில் வர முடியும். இவ்வளவு போதும், கெஞ்ச வேண்டாம். அதையே மெயிலிலும் போட்டுவிடுங்கள், பேசிய எச்ஆர் மறந்தாலும் எழுத்தில் இருக்கும். வீடியோ காலில் முதல் ரவுண்டை முடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பாருங்கள், இப்போது நிறையப் பேர் சரி என்கிறார்கள்.