பெரிய ஆன்டெனா வாங்கும் முன் காம்பஸைப் பாருங்கள்

கேள்வி: என் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோ இருக்கிறது. தரையில் ஆர்டுபைலட் டிராக்கர் (விமானம் போகும் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பும் கருவி), அதில் 8 டிபிஐ (dBi, சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) பேட்ச் எனும் தட்டை ஆன்டெனா. காரை ஒட்டி ட்ரைபாட் போட்டுத்தான் பறக்கவிடுகிறேன். கிழக்கே போனால் படம் நன்றாக வருகிறது. தெற்கே போனால் டிராக்கர் 30 டிகிரி விலகி நிற்கிறது, படம் உடைகிறது. 14 டிபிஐ ஹெலிக்கல் (ஸ்பிரிங் வடிவ ஆன்டெனா) மாட்டினால் சரியாகுமா?

பதில்: மாட்டினால் இன்னும் மோசமாகும். டிபிஐ ஏற ஏற ஆன்டெனாவின் பார்வை குறுகும். 8 டிபிஐ பேட்ச் சுமார் 60, 70 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். 30 டிகிரி விலகல் என்றால் இப்போதே அதன் விளிம்பில் இருக்கிறீர்கள். ஹெலிக்கலுக்கு அதில் பாதி அகலம்தான் கிடைக்கும்.

உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது: காரை ஒட்டி. எல்லாத் திசையிலும் ஒரே அளவு விலகினால் கண்ட்ரோலர் (டிராக்கரின் மூளையான போர்டு) கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். திசைக்குத் திசை விலகல் மாறினால் காம்பஸ்தான், காரின் இரும்பு அதைக் குழப்புகிறது. ஜிபிஎஸ் மேல் பழி போட வேண்டாம். அது 5 மீட்டர் தவறினால் 50 மீட்டர் தூரத்தில் 6 டிகிரி பிசகும். 1 கிலோமீட்டரில் அதே தவறு 0.3 டிகிரிதான், கண்ணுக்கே தெரியாது. காம்பஸ் தவறோ எவ்வளவு தூரம் போனாலும் குறையாது.

ஆன்டெனாவோடு சேர்ந்து சுழலும் இரும்பையும் சர்வோவின் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) காந்தத்தையும் காலிபரேஷன், அதாவது காம்பஸைத் திருத்தி அமைப்பது, ஓரளவு கழித்துவிடும். அதனால் ஆன்டெனா, சர்வோ, ஒயர் எல்லாம் மாட்டி முடித்த பிறகே காலிபரேட் செய்யுங்கள். வீட்டு மேஜையில் செய்து எடுத்துப் போனது கணக்கில் வராது. ஆனால் கார் சுழலாதே! அதை எந்தக் காலிபரேஷனாலும் கழிக்க முடியாது. ட்ரைபாடைக் காரிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். அலுமினிய ட்ரைபாட் நல்லது. காம்பஸ் உள்ள ஜிபிஎஸ்ஸைச் சர்வோவை விட்டு உயரமாக, சின்னக் கம்பத்தில் ஏற்றுங்கள். சர்வோவுக்குத் தனி பிஇசி (பேட்டரி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்) கொடுங்கள், கிரவுண்ட் (மைனஸ்) ஒயரை மட்டும் பொதுவாக்குங்கள். இல்லையென்றால் சர்வோ திணறும்போது வோல்டேஜ் விழுந்து கண்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும்.

அப்புறம், பறக்கவிடாமலே சோதித்துவிடலாம். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தை நண்பர் கையில் கொடுத்து 100 மீட்டர் தள்ளி டிராக்கரைச் சுற்றிவரச் சொல்லுங்கள். நீங்கள் ஆன்டெனாவின் பின்னால் நின்று துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பாருங்கள். நாலு திசையிலும் 10 டிகிரிக்குள் இருந்தால் போதும். திசை சரியாக இருந்தும் பின்தங்கியே திரும்பினால் டெலிமெட்ரி (விமானம் தரைக்கு அனுப்பும் தகவல்) மெதுவாக வருகிறது. இருப்பிடத் தகவல் வரும் வேகத்தைக் கூட்டுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகும் தலைக்கு நேர் மேலே பறந்தால் எந்த டிராக்கரும் தடுமாறும். ஒரு நொடியில் 180 டிகிரி திரும்ப வேண்டியிருக்கும். அதற்காகத்தான் டைவர்சிட்டி ரிசீவரின் (இரண்டு ஆன்டெனாவில் நல்ல சிக்னலைத் தேர்ந்தெடுப்பது) ஒரு பக்கம் பேட்ச், மறுபக்கம் ஓம்னி (சுற்றிலும் பார்க்கும் ஆன்டெனா) மாட்டுவது. வட்ட போலரைசேஷன் (அலை சுழன்றபடி போகும்) ஆன்டெனா என்றால் விமானத்திலும் தரையிலும் ஒரே சுழற்சி, வலம் என்றால் எல்லாமே வலம்தான்.

ரிமோட்டின் கண்ட்ரோல் ஆன்டெனாவை மட்டும் டிராக்கரில் ஏற்றாதீர்கள். படம் போனால் ஆர்டிஎல் (கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் மோட்) போட்டு விமானத்தைத் திருப்பிவிடலாம். டிராக்கர் தப்பான பக்கம் பார்த்து படமும் கண்ட்ரோலும் சேர்ந்து போனால் ஃபெயில்சேஃப்பை (சிக்னல் போனால் விமானம் தானே எடுக்கும் நடவடிக்கை)த்தான் நம்பியிருக்க வேண்டும்.