ட்ராய் போரில் முதலில் செத்த கிரேக்க வீரன் யார்?

புரோட்டசிலேயஸ். கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் இருந்த பைலாக்கே என்ற ஊரின் தலைவன், 40 கப்பல்களோடு போனவன். முதலில் கரையிறங்குபவன் சாவான் என்று ஒரு ஆரூடம் இருந்ததால் எல்லோரும் கப்பலிலேயே தயங்கி நிற்க, இவன்தான் குதித்தான். கொன்றது ட்ராய் இளவரசன் ஹெக்டர் என்பது பரவலான கதை; இலியட் காவியம் பாடிய ஹோமரோ யாரோ ஒரு தார்தானியன் (ட்ராய் தரப்பு வீரன்) என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சரி, எனக்கு இதைவிட உருக்கமாகத் தெரிவது மனைவி லாவோடமியாவின் கதைதான். புதுசாகக் கல்யாணமானவள். அவள் அழுது மன்றாடியதில் தேவர்கள் அவனைப் பாதாளத்திலிருந்து வெறும் 3 மணி நேரத்துக்கு அனுப்பி வைத்தார்களாம். அவன் திரும்பிப் போனதும் அவனைப் போலவே ஒரு சிலை செய்து அதைக் கட்டிக்கொண்டு கிடந்தாள், அப்பா அதைத் தூக்கி நெருப்பில் போட, அவளும் பின்னாலேயே பாய்ந்துவிட்டாள்.

அப்புறம் கி.மு. 334-இல் ஆசியாவுக்குக் கடல் கடக்கும் முன் அலெக்சாண்டர் ஐரோப்பியக் கரையில் எலேயஸ் என்ற ஊரில் இருந்த இவன் சமாதியில் பலி கொடுத்தார், தான் கரையிறங்குவதாவது நல்லபடியாக அமையட்டும் என்று.