குழந்தைகள் இருக்கும் காரில் புகைபிடிக்கத் தடை: ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?

போதாது. ஜன்னலைத் திறந்தால் புகை குறையும், ஆனால் போய்விடாது. ஓடும் காரில் உள்ளே வரும் காற்று அதைப் பின்சீட்டுப் பக்கமே தள்ளவும் கூடும். குழந்தைகள் பெரும்பாலும் உட்காருவது அங்கேதான். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் காரில் புகைபிடிப்பது குற்றம். ஜன்னல் திறந்திருந்தாலும், ஏசி ஓடினாலும் விலக்கு இல்லை. மேற்கூரையை முழுவதும் மடக்கிய காருக்கு விதிவிலக்கு உண்டு. புகைத்தவரோடு, தடுக்காத ஓட்டுநருக்கும் அபராதம் உண்டு.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள், அவர்களின் மூச்சுக்குழாயும் குறுகியது. பிறர் விடும் புகையால் ஆஸ்துமா தீவிரமாகும், நடுக்காதில் தொற்று வரும், கைக்குழந்தைகள் திடீரென இறக்கும் ஆபத்தும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகவே சொன்னது.

'என் கார், என் விருப்பம்' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவைத்த மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? ஒவ்வொரு காரையும் போலீஸ் சோதிக்க முடியாதுதான். ஆனாலும் சட்டம் இருந்தால், "குழந்தை இருக்கு, வெளியே போய்ப் பிடிங்க" என்று தாத்தாவிடம்கூடத் தயங்காமல் சொல்லலாம்.