சொந்தமாக வேலை பார்த்த பிறகு வண்டி ஹீட் ஆகிறதா? கேள்வி பதில்

கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்), தெர்மோஸ்டாட் (சூடானதும் அந்தத் திரவத்துக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் வீட்டு வாசலிலேயே நாமே மாற்றிக்கொள்வது நல்ல விஷயம்தான். ஆனால் அதன் பிறகு வண்டி ஹீட் ஆனதும் பலர் பதறிப்போய் வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி என்றால், கடைசியாக எதில் கை வைத்தீர்களோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி (சேலம் அஸ்தம்பட்டி): அண்ணா, பழைய பெட்ரோல் கார். கூலன்ட்டை நானே வடித்துப் புதுசு ஊற்றினேன். டவுனுக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஏற்காடு ஏறும்போது பாதி மலையிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. கூலன்ட் பாட்டிலில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஹீட்டர் போட்டால் பச்சைக் காற்றுதான் வருகிறது.

பதில்: தம்பி, கடைசியாகச் சொன்னீர்களே, ஹீட்டரில் சூடு வரவில்லை என்று, அதில்தான் விடை இருக்கிறது. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஏர் லாக். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றுக் குமிழியைத் தள்ளாது. டவுனில் இன்ஜினுக்குப் பாரம் குறைவு, அதனால் சமாளித்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவையும் சின்ன கியரில் ஏறும்போது சூடு அதிகம், எதிர்காற்றும் குறைவு. அங்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

வடித்த கூலன்ட்டை ஒரு பக்கெட்டில் பிடித்து அளந்தீர்களா? 4 லிட்டர் வெளியே வந்து 3 லிட்டர்தான் உள்ளே போனது என்றால், மீதி 1 லிட்டர் இடத்தில் இருப்பது காற்று. பாட்டிலில் அளவு சரியாகத் தெரிவதை மட்டும் நம்பக்கூடாது.

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது செய்யுங்கள். முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ரேடியேட்டர் மூடிதான் உயரமான இடமாக இருக்க வேண்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். காற்று விடும் திருகு இருக்கிற வண்டி என்றால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் கொடுங்கள். குளுக் குளுக் என்று காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று கீழே இறங்கும். அந்த நேரத்தில் நிரப்பி மூடியைப் போட்டுவிடுங்கள். கூலன்ட் பொங்கி வர ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மூடிவிடுங்கள். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் அநேகமாகக் கொஞ்சம் குறைந்திருக்கும். நிரப்புங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): தெர்மோஸ்டாட் புதுசு போட்டேன். 10 நிமிடத்தில் ஹீட் ஆகிறது. மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது. பேசாமல் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு ஹோஸ் சூடு, இன்னொன்று ஜில் என்றால் தண்ணீர் சுற்றவில்லை. நீங்கள் தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். சூடான தண்ணீர் அதில் பட்டால்தான் திறக்கும். ஓரத்தில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பிக்கும். சரியாகத்தான் போட்டிருக்கிறது என்றால், கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடு பண்ணுங்கள். அதன் மேலேயே 82, 88 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும். அந்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அடுப்பில் வைத்தும் திறக்காத புதுப் பொருளும் கடையில் விற்கிறது.

கழற்றிவிட்டு ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராது, பெட்ரோல் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி, ஹீட் இன்னும் கூடும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): கூலன்ட்டில் வீட்டு போர் தண்ணீர் கலக்கலாமா? மேட்டூர் தண்ணீர் என்றால் பரவாயில்லையா?

பதில்: இரண்டுமே வேண்டாம். போர் தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். மேட்டூர் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் உப்பு உண்டு. டிஸ்டில்டு வாட்டர் வாங்கிப் பாதிக்குப் பாதி கலக்குங்கள். ரெடி மிக்ஸ் கூலன்ட் என்றால் தண்ணீரே சேர்க்கக்கூடாது.

கேள்வி (சூரமங்கலம்): ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் மாற்றினேன். ஃபேன் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஐந்து ரோடு டிராஃபிக்கில் நின்றால் முள் ஏறுகிறது, பைபாஸில் போனால் இறங்கிவிடுகிறது.

பதில்: வேகத்தில் எதிர்காற்றே போதும், நிற்கும்போதுதான் ஃபேன் வேலை. இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் சரி, வெளியே தள்ளினால் வயரை மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைத் திரும்ப மாட்டினீர்களா என்றும் பாருங்கள். வேலை பார்க்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடும், விரல் போய்விடும்.

கேள்வி (ஆத்தூர்): ஒரு தடவை நன்றாகக் கொதித்தும் வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். இப்போது கூலன்ட் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. ஆயில் மூடியில் வெளிறிய பசை மாதிரி இருக்கிறது.

பதில்: ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணாதீர்கள், டோ பண்ணிக் கொண்டுபோங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்க வேண்டும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

கேள்வி (ஏற்காடு): மலையில் பாதி வழியில் ஹீட் ஆனால் என்ன செய்வது? தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். கியரைக் குறையுங்கள், பெரிய கியரில் திணறினால் சூடு கூடும், பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ, வளைவில் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். ஏற்காடு உயரம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். அங்கே சாதாரணத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி கொடுக்கும் அழுத்தத்தில்தான் உள்ளே 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும். மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடிகிற வரை, அரை மணி, முக்கால் மணி ஆனாலும் காத்திருங்கள். அப்புறம் தடித்த துணியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, சிறுகச் சிறுக ஊற்றுங்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் பாட்டில் தண்ணீரே போதும். கீழே வந்ததும் வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் நிரப்பிக்கொள்ளலாம்.