பீனட் பட்டரைக் கண்டுபிடித்தது கார்வரா? அமெரிக்கர்களுக்கு அதன்மேல் ஏன் அவ்வளவு பிரியம்?

கார்வர் இல்லை. அமெரிக்க வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைத் தொகுத்து வெளியிட்டது 1916-இல். அதற்குள் பீனட் பட்டர் (ரொட்டியில் தடவும் நிலக்கடலை விழுது) கடைகளுக்கே வந்துவிட்டது. கனடாவின் மார்செல்லஸ் எட்சன் 1884-இலேயே கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1890-களில் ஜான் ஹார்வி கெல்லாக் (ஆமாம், கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக்தான்) கடலையை அவித்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். இறைச்சி வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. அதற்கு மாற்றாகத்தான் இது.

ஆரம்பத்தில் இது வசதியானவர்களின் தேநீர் விருந்துப் பண்டம். ஆனால் ஒரு தொல்லை இருந்தது: வைத்திருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 1920-களின் தொடக்கத்தில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் எண்ணெயில் ஒரு பகுதியை ஹைட்ரஜனேற்றம் செய்து, அதாவது ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து, கெட்டியாக்கினார். அப்புறம் எண்ணெய் பிரியவில்லை, ஜாடி மாதக்கணக்கில் தாங்கியது, தூர ஊர்களுக்கும் அனுப்ப முடிந்தது. என்னைக் கேட்டால், உண்மையான திருப்பம் இதுதான். யார் முதலில் அரைத்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

1928-இல் துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தம். பீனட் பட்டரோ விலை குறைவு, புரதம் அதிகம், அடுப்பு வேண்டாம், குழந்தையே தடவிக்கொள்ளும். ஜெல்லியும் சேர்த்த சாண்ட்விச் பள்ளி மதிய உணவானது இப்படித்தான். அமெரிக்கர்கள் அதை ருசிக்கும்போது தங்கள் சிறுவயதையும் சேர்த்தே ருசிக்கிறார்கள். வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அந்த மயக்கம் வராததில் வியப்பில்லை.