தென்னிந்தியக் காட்டுக்குச் சொந்தமான ஊசியிலை மரம் எது?

கேள்வி: ஊட்டி, கொடைக்கானல், வாகமண் என்று எங்கே போனாலும் பைன் மரங்கள் நிற்கின்றன. எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்கிறார்கள். அப்படியானால் தென்னிந்தியக் காட்டிலேயே தானாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. ஒரே ஒரு இனம். அதன் இலை ஊசி மாதிரி இருக்காது என்பதால் பக்கத்திலேயே நின்றாலும் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கவியில். கேரளத்தில், வண்டிப்பெரியாறிலிருந்து வல்லக்கடவு வழியாகக் காட்டுக்குள் ஏறினால் வரும் ஊர். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை அங்கே ஏலத்தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். என் குடும்பமும் அதில் ஒன்று. எங்கள் லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்னால் ஓடை இறங்கும் இடத்தில் நெட்டையாக அந்த இனத்து மரம் ஒன்று நின்றது. மலையாளத்தில் நிறம்பல்லி என்பார்கள். லயத்துத் தமிழில் அது நரம்பாலி ஆகிவிட்டது. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அந்த மரத்தைக் கண்டுபிடிக்க உதவுவதே இலையின் நரம்புதான்.

இலை எதிரெதிராக, தோல் மாதிரி தடிப்பாக, இரண்டு மூன்று விரல் அகலத்தில் இருக்கும். மாவிலையிலும் பலா இலையிலும் நடுவே ஒரு தண்டு நரம்பு ஓடும் அல்லவா, இதில் அது கிடையாது. மூங்கில் இலையில் ஓடுகிற மாதிரி மெல்லிய நரம்புகள் பல, காம்பிலிருந்து நுனிவரை பக்கம் பக்கமாக ஓடும். கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போய், இது பைன் வகையறா என்று ஆசிரியர் சொன்னபோது நான் நம்பவில்லை. லீவுக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஓடைக்குப் போய் ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

இதன் அறிவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. பழைய புத்தகங்களில் போடோகார்பஸ் வாலிச்சியானஸ் என்று இருக்கும். வாலிச் என்பவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்தவர். இமயமலையில் பைனஸ் வாலிச்சியானா என்று ஒரு பைன் இருக்கிறது, அதுவும் அவர் பெயர்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்து நான் தேர்வில் தப்பாக எழுதியிருக்கிறேன், நீங்கள் குழம்ப வேண்டாம். நாகேயா என்பதற்கும் நாகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானில் இதன் உறவு மரம் ஒன்றை நாகி என்பார்கள், அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

சரி, ஊசியும் இல்லை, பைன் காய் போன்ற மரக்கூம்பும் இல்லை. எதை வைத்து இதைக் கூம்பு மரம் (ஊசியிலை மரங்களுக்கு இன்னொரு பெயர்) என்கிறார்கள்? அதற்கு இதன் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். பைன் குடும்பம் கிட்டத்தட்ட முழுக்க வடக்கத்திக் குடும்பம். பைன் பேரினத்தில் (நெருங்கிய இனங்கள் சேர்ந்தது பேரினம், பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்) சுமத்ராவில் வளரும் ஒரே ஒரு இனம்தான் இயற்கையாகப் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போயிருக்கிறது. தெற்கே அந்த இடத்தை நிரப்புவது போடோகார்பேசி என்ற குடும்பம். உலகில் கூம்பு மரங்கள் 600 இனங்களுக்கு மேல். அதில் ஏறக்குறைய 180 இந்தக் குடும்பம், எண்ணிக்கையில் பைனுக்கு அடுத்த இடம். நியூசிலாந்து, டாஸ்மேனியா, நியூ கலிடோனியா, நியூ கினி, போர்னியோ, ஆண்டிஸ் மலை, ஆப்பிரிக்க மலைக்காடு என்று பரந்து கிடக்கிறது. 19 அல்லது 20 பேரினங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், காரணம் கீழே.

போடோ என்றால் கிரேக்கத்தில் கால், கார்பஸ் என்றால் கனி. கூம்பில் இருக்க வேண்டிய செதில்கள் பெரும்பாலும் தேய்ந்துபோய், கடைசியில் ஒரு விதை மட்டும் மிஞ்சும். அந்த விதையைச் சதையான ஒரு உறை போர்த்தியிருக்கும். பல இனங்களில் விதைக்குக் கீழே இருக்கும் காம்பே வீங்கி, சிவப்போ ஊதாவோ நிறம் ஏறி, இனிப்பாகிவிடும். அதைத் தின்ன வரும் பறவை விதையைக் கொண்டுபோய்ப் போடும். காற்றை நம்பாமல் பறவையை நம்பும் கூம்பு மரம் இது. நம் முந்திரியில் பழம் போலிருப்பது வீங்கிய காம்பு, கொட்டை நுனியில் தனியாக நிற்கும் அல்லவா, தோற்றத்துக்கு அதை நினைத்துக்கொள்ளுங்கள். முந்திரி பூக்கும் தாவரம், இது அப்படியில்லை, உறவு ஒன்றும் கிடையாது. நரம்பாலியில் காம்பும் விதையுறையும் கருநீலமாக இருக்கும்.

ஆனால் லயத்துப் பின்னால் நின்ற மரத்தில் ஒரு தடவைகூடக் காய் பிடித்ததில்லை. என் அப்பாயி அதை மலட்டு மரம் என்றே சொல்வாள், அந்தப் பக்கம் கல்யாணமான பெண்களைப் போகவும் விடமாட்டாள். பின்னால் அதன் கிளையில் சின்னச் சின்னக் கதிர்களைப் பார்த்தேன், தட்டினால் மஞ்சள் பொடி கொட்டியது. பனை மாதிரி இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்களுடையது ஆண் மரம். அப்பாயி உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்ல முடிந்தது எனக்கு இன்றும் சந்தோஷம். “அடப் பாவமே, ஆண் பனையா அது” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அங்கே துணி காயப்போட்டாள்.

இந்தக் குடும்பத்துக்குள் இருக்கிற வகை வேறெந்தக் கூம்புக் குடும்பத்திலும் இல்லை என்பது என் கருத்து. நியூசிலாந்தில் கஹிகாட்டியா 60 மீட்டர் உயரம் போகும், அந்நாட்டின் மிக உயரமான மரம் அதுதான். மணம் இல்லாத மரக்கட்டை என்பதால் வெண்ணெய்ப் பெட்டி செய்வதற்கென்றே சதுப்புக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். அதே நாட்டில், அதே குடும்பத்தில், முழங்காலைக்கூட எட்டாத லெபிடோதாம்னஸ் புதரும் தரையோடு படர்கிறது. தோதாரா மரத்தைக் குடைந்து மாவோரி மக்கள் பெரிய படகுகள் செய்தார்கள். ஃபில்லோகிளாடஸ் என்ற பேரினத்தில் இலை பேருக்குத்தான் இருக்கிறது, கிளையே தட்டையாகி இலை வேலை பார்க்கிறது. எல்லாவற்றையும்விட விசித்திரம் நியூ கலிடோனியாவில் இருக்கும் பாராசிடாக்ஸஸ். ஒயின் நிறத்தில் ஒரு செடி, சொந்த வேர் கிடையாது, தன் குடும்பத்தையே சேர்ந்த இன்னொரு மரத்தின் வேரில் ஒட்டிப் பிழைக்கிறது. கூம்புத் தாவரங்களில் ஒட்டுண்ணி இது ஒன்றுதான்.

இத்தனை வேறுபாட்டை ஒரு பெயருக்குள் அடக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. ரொம்ப காலம் பாதிக் குடும்பத்தையும் போடோகார்பஸ் என்ற ஒரே சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். 1969-ல் டி லௌபென்ஃபெல்ஸ் என்பவர் அந்தச் சாக்கைப் பிரித்தார். அடிப்படையில் அவர் புவியியல்காரர், பசிபிக் தீவுகளில் அலைந்து மரம் பார்த்தவர். எதிரெதிர் இலை கொண்டவற்றைச் சேர்த்து டெகுசோகார்பஸ் என்று புதுப் பெயர் வைத்தார். நம் மரமும் அதில் போயிற்று. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிக்கு 1788-லேயே கேர்ட்னர் என்ற தாவரவியலாளர் நாகேயா என்று பெயர் வைத்திருந்தார். பழைய பெயருக்கே முதல் உரிமை என்பது தாவரவியல் சட்டம், அதனால் டெகுசோகார்பஸ் நிற்கவில்லை. 1980-களின் கடைசியில் பேஜ் என்பவர் ஆப்பிரிக்க மரங்களை ஆஃப்ரோகார்பஸ் என்றும், பசிபிக், தென்னமெரிக்க மரங்களை ரெட்ரோஃபில்லம் என்றும் தனியாக எடுத்தார். மிஞ்சிய ஆசிய மரங்கள் நாகேயா, ஐந்தாறு இனங்கள்.

அப்போது இது அளவுக்கு மீறின பிரிப்பு என்று மறுத்தவர்களும் உண்டு. பிறகு மரபணுவைப் பார்த்தபோது நாகேயா, ஆஃப்ரோகார்பஸ், ரெட்ரோஃபில்லம் மூன்றும் தனித்தனிக் கிளைகளாக, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக வந்தன. தனிக் குடும்பம் என்று வைத்திருந்த ஃபில்லோகிளாடஸ் போடோகார்பேசிக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்தது. பழைய ஆட்கள் இலையையும் விதையுறையையும் கையில் வைத்துப் பார்த்தே இவ்வளவு தூரம் சரியாகப் போயிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் வனத்துறைப் பலகைகளில் இன்னும் போடோகார்பஸ் என்று எழுதியிருந்தால் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள், பழைய பெயர், அவ்வளவுதான்.

இலை ஏன் அகலமானது என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள் (இப்போது வண்டிப்பெரியாறில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன்). மழைக்காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பூக்கும் மரங்கள் அகன்ற இலையோடு வந்து மேலே மூடிக்கொண்டபோது, ஊசியிலையை வைத்துக்கொண்டு அடியில் பிழைப்பது கஷ்டம். ஒற்றை நரம்பு இலையை அகலமாக்கினால் ஓரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. போடோகார்பஸ் ஒற்றை நரம்பை வைத்துக்கொண்டே, பக்கவாட்டில் தண்ணீர் கடத்தத் தனித் திசு வைத்துக்கொண்டது. நாகேயா நரம்பையே பலவாக்கிக்கொண்டது.

கோண்டுவானா என்ற பழைய தெற்குப் பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவோடு மிதந்து வந்த மரம் இது என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் தென்னிந்தியாவுக்கு வெளியே நாகேயா மரங்கள் எல்லாம் வடகிழக்கு இந்தியா, மியான்மர் தொடங்கி நியூ கினி, ஜப்பான் வரை கிழக்கே நிற்கின்றன, தென் சீனாவில் சில கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஈயோசீன் காலத்து நாகேயா இலைப் புதைபடிவமும் கிடைத்திருக்கிறது. குடும்பம் தெற்கத்தியது, இந்த மரம் கிழக்கு வழியாக நம் மலைக்கு வந்து சேர்ந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று நினைக்கிறேன்.

தென்மலைகளில் இது பெரியாறு–ராணிக் காடுகளிலும், அகத்தியமலைப் பக்கமும் ஈரமான பசுமைமாறாக் காட்டில் அங்கங்கே இருக்கிறது. கவிக்கு வந்தால் காட்டுக்குள் கூட வரும் வழிகாட்டியிடம் நிறம்பல்லி என்று கேளுங்கள், காட்டுவார்கள். இலையைப் பறிக்க வேண்டாம், கீழே விழுந்ததை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பு தெரிந்தால் அது வேறு மரம், இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்.